பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உரிமை உண்டு

கேள்வி: ஆட்டிசம் உள்ள மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். பொதுத்தேர்வை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. யாரைப் பார்ப்பது?
- ஒரு தாய், அறந்தாங்கி

பதில்: முதலில் வட்டார வள மையம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வழிகாட்டத்தான் அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்பட 21 வகைகளை ஏற்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாவிட்டால் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளும் உண்டு. இவை தானாக வந்து சேராது. மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியே தேர்வுத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால் போதும் என்று பல குடும்பங்கள் இருந்துவிடுகின்றன. அது போதாது. முன்பின் தெரியாதவரிடம் பதில் சொல்லிப் பழகாத பிள்ளை தேர்வறையில் வாயடைத்துப்போவான். பக்கத்து வீட்டு அக்கா நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார, அவன் சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சி இப்போதே தொடங்கட்டும்.

18 வயதுக்குப் பிறகு? 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும்.

விண்ணப்பத்தை அரையாண்டுத் தேர்வு வரை தள்ளிப்போடாதீர்கள். கொடுத்த நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள்.