கேட்டால் குடிமுழுகிவிடாது

தற்கொலையைப் பற்றி நம்மிடையே புழங்கும் நம்பிக்கைகளில் ஒரு வசதி இருக்கிறது. எதை எடுத்தாலும் கடைசியில் ‘ஆகவே நீ சும்மா இரு’ என்றே முடியும். கேட்டால் தூண்டிவிட்டதாகும், ஆகவே கேட்காதே. சொல்கிறவன் செய்யமாட்டான், ஆகவே கவலைப்படாதே. முடிவெடுத்தவனை யாரும் தடுக்க முடியாது, ஆகவே வீண்வேலை. அது டாக்டர் பாடு, ஆகவே ஒதுங்கிப் போ. இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் வைத்துக்கொண்டு, துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்று அங்கலாய்க்கிறோம்.

இந்தச் சமாதானங்களை உடைப்பதுதான் சமூக அளவிலான தற்கொலைத் தடுப்புப் பயிற்சியின் வேலை. கேட்கீப்பர் பயிற்சி என்று இதைச் சொல்கிறார்கள். ஆசிரியர், விடுதிக் காப்பாளர், கிராம சுகாதாரச் செவிலியர், ரேஷன் கடைக்காரர், உரக்கடைக்காரர் என்று தினமும் பலபேர் முகத்தைப் பார்க்கிறவர்களைக் கூப்பிட்டு, அறிகுறியைக் கவனிக்கவும், நேராகக் கேட்கவும், உதவி கிடைக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் பழக்குவது. கனடாவின் கால்கரியில் 1983இல் தொடங்கிய லிவிங்வொர்க்ஸ் இதை இரண்டு நாள் பட்டறையாக வடிவமைத்தது. அமெரிக்க உளவியலாளர் பால் குவின்னெட் 1995இல் சில மணி நேரத்தில் முடிகிற பயிற்சியாக அதைச் சுருக்கினார். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சினேகா’வில், தொலைபேசியை எடுத்துப் பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்.

“கேட்டால், இல்லாத எண்ணமும் வந்துவிடும்”

பயிற்சி நடக்கும் அறையில் மிகக் கடினமான நேரம் இதற்குத்தான். இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வைப்பார்கள். ஒருவர் துயரத்தில் இருப்பவர், மற்றவர் கேட்பவர். எல்லாம் நடிப்புத்தான், எதிரே இருப்பவர் பக்கத்துத் தெருக்காரர், சற்று முன்புதான் சேர்ந்து டீ குடித்தார்கள். இருந்தும் அந்தக் கேள்வி தொண்டையைவிட்டு வராது. சுற்றி வளைப்பார்கள், சிரித்து மழுப்புவார்கள், பயிற்றுநரைத் திரும்பிப் பார்ப்பார்கள். கடைசியில் பலர் வாயிலிருந்து வருவது இப்படி இருக்கும்: “தப்பா எதுவும் நினைக்கலையே அண்ணே?”

அந்தக் கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்தாகிவிட்டது. “சேச்சே, அதெல்லாம் இல்லப்பா” என்று அவர் சொல்வார். கேட்டவருக்கு நிம்மதி. கேட்கப்பட்டவருக்கு, இந்த ஆளிடம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிடும். நல்ல பயிற்றுநர் இங்கே நிறுத்தி, மறுபடி கேட்கச் சொல்வார். “பத்து நாளா கடைப்பக்கம் வரலை, யார்கிட்டயும் முகங்கொடுத்துப் பேசலை. பார்க்கவே கஷ்டமா இருக்குண்ணே. இந்த மாதிரி மனசு விட்டுப்போற நேரத்துல சிலபேருக்குச் செத்துடலாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதா?” கண்ணால் பார்த்ததைச் சொல், பிறகு தயங்காமல் கேள், பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திரு. மூன்றாவதுதான் நமக்குச் சுத்தமாக வராது.

எண்ணம் வந்துவிடுமா? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஆய்வு 2005இல் வெளியானது. பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகள், கேட்கப்பட்டதால் சற்று லேசாகவே உணர்ந்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் இதை மாற்றிச் சொல்லவில்லை. வாழ்க்கை கசந்துபோன ஒருவருக்கு அந்த எண்ணத்தை நாம் போய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்திருந்தால் வந்திருக்கும். அதோடு தனியாகக் கிடப்பதா, துணையோடு இருப்பதா என்பதைத்தான் நம் கேள்வி மாற்றுகிறது.

“ஆமா” என்று பதில் வந்தால்? இந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் கேட்பதே இல்லை. அந்த நிமிடத்தில் ‘உனக்கென்ன குறைச்சல்’, ‘பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தியா’, ‘கோழை மாதிரிப் பேசாதே’ என்ற மூன்றும் கூடாது. நம் வாயில் முதலில் வருபவையும் இவைதான். பிள்ளைகளை அவர் நினைத்துப் பார்த்திருப்பார். தான் அவர்களுக்குப் பாரம் என்ற முடிவுக்கு வந்த பிறகுதான் இங்கே வந்து நிற்கிறார். எதனால், எத்தனை நாளாக, எப்படிச் செய்வது என்றுகூட யோசித்துவிட்டாரா என்று பதறாமல் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது. அவர் நம்புகிற இன்னொரு ஆளைக் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும், மருத்துவமனைக்குக் கூடவே போக வேண்டும், அதுவரை தனியாக விடக் கூடாது. இவ்வளவுதான் பாடம். செய்வதற்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை.

“சொல்கிறவன் செய்யமாட்டான்”

குரைக்கிற நாய் கடிக்காது என்று பழமொழி வேறு துணைக்கு வரும். உண்மை நேர்மாறு. உயிரை விட்டவர்களில் பலர் அதற்கு முன் ஏதாவது ஒரு விதத்தில் வாய்விட்டிருக்கிறார்கள். ‘நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்பதாக இருக்கும். ‘இனிமே உனக்குத் தொந்தரவு தரமாட்டேன்’ என்பதாக இருக்கும். கொடுக்கல் வாங்கலைத் திடீரென்று முடிப்பது, ஆசையாக வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுப்பது என்று வாய் திறக்காமலும் சொல்வார்கள்.

ஒருமுறை முயன்று பிழைத்தவரைப் பார்த்து ‘சும்மா மிரட்டுறா’, ‘நாலு பேர் பார்க்கணும்னு செய்யறான்’ என்பது இன்னும் மோசம். முன்பு ஒருமுறை முயன்றிருப்பதுதான் அறியப்பட்ட அபாயக் காரணிகளிலேயே பெரியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியே கவனத்துக்காகத்தான் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கவனத்தைக் கொடுத்துவிட்டுப் போவதில் நமக்கென்ன நட்டம்?

கொடுத்தால் என்ன நடக்கும் என்றும் பார்த்திருக்கிறார்கள். ஐந்து நாடுகளில் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில், முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கிப் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் 9 முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க’ என்று விசாரித்தார்கள். 18 மாத முடிவில் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர். விசாரிக்கப்பட்ட பிரிவில் 2 பேர். விலையுயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை.

“அது டாக்டர்கள் பார்க்க வேண்டியது”

சிகிச்சை டாக்டர் பார்க்க வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் டாக்டரிடம் போய்ச் சேருவதற்கு முந்தைய நாட்கள் யார் கணக்கில்? அந்த நாட்களில் ஆள் வீட்டிலும் தெருவிலும் வேலையிடத்திலும் இருக்கிறார்.

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் வாழும் முகாம்களில் நடந்த ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். போரையும் கடலையும் தாண்டி வந்து, சிறிய வீடுகளில் தலைமுறைக் கணக்கில் தங்கிவிட்டவர்கள். வெளியிலிருந்து ஒரு நிபுணர் கோப்போடு வந்து நின்றால் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? லட்சுமி விஜயகுமாரின் குழு முகாம்வாசிகளிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் வீடு வீடாகப் போய் மறுபடி மறுபடி விசாரித்தார்கள். மனம் தாங்காத நேரத்தில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, எது ஆறுதல் தரும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்பு அட்டை எழுதி வைத்துக்கொள்ள உதவினார்கள். இந்த ஏற்பாடு இல்லாத வேறொரு முகாமோடு ஒப்பிட்டபோது, இங்கே தற்கொலையும் தற்கொலை முயற்சிகளும் குறைந்தன. முடிவுகள் 2017இல் வெளியாயின. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் தமிழர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய கதை இது. ஏனோ நம் பத்திரிகைகளில் அதிகம் அடிபடவில்லை.

பயிற்றுநர்கள் என்றால் மனநலத் துறையில் பட்டம் பெற்றவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இதே நம்பிக்கையின் கிளை. உறவை இழந்தவர்கள், தாமே ஒருகாலத்தில் அந்த விளிம்பில் நின்று திரும்பியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனப் பலரும் உலகெங்கும் இதை நடத்துகிறார்கள். அனுபவம் இருந்துவிட்டால் மட்டும் போதாது. சொந்தத் துக்கம் இன்னும் பச்சையாக இருக்கும்போது பிறர் துக்கத்தைத் தாங்க முடியாது. ஒழுங்காக நடக்கிற அமைப்புகள் இவர்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்க்கும். சேர்ந்த பிறகு, கேட்ட கதைகளை இறக்கிவைக்க இவர்களுக்கும் ஓர் ஆள் இருக்கும்.

“முடிவெடுத்துவிட்டால் பிரம்மாவாலும் தடுக்க முடியாது”

இதைப் பொய்யாக்கியது இலங்கை. 1995இல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மிகக் கொடிய நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை அரசு 1984 முதல் படிப்படியாகத் தடை செய்தது. 2005 வாக்கில் விகிதம் ஏறத்தாழப் பாதியானது, பிறகும் இறங்கியது. இத்தனைக்கும் நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. நெல் விளைச்சலும் இந்தத் தடைகளால் விழுந்துவிடவில்லை. மக்கள் மனவருத்தம் இல்லாமல் மாறிவிட்டார்களா என்றால் இல்லை. கைக்கு எட்டியது முன்போல் கொல்லவில்லை, பிழைத்தவர்கள் வாழ்ந்தார்கள்.

ஒருமுறை தடுத்தால் வேறு இடம் தேடிப் போவான் என்பார்கள். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பின்னால் என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சீடன் என்ற ஆய்வாளர் தேடிப்போனார். 10இல் 9 பேருக்கு மேல் பிற்பாடு தற்கொலையால் இறக்கவில்லை. அந்த வேகம் பெரும்பாலும் ஒரு பொழுது. அது கடந்துவிட்டால் ஆள் நம்மிடம் இருப்பார்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் இதே கணக்கில் ஒன்று செய்து பார்த்தார்கள். பூச்சிமருந்தை வீட்டுப் பரணிலும் கட்டிலடியிலும் வைக்காமல், ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைப்பது, வயலுக்கு வேண்டும்போது போய் எடுத்துக்கொள்வது. விவசாயிகள் ஒத்துக்கொள்வார்களா என்று முதலில் எல்லோருக்கும் சந்தேகம். ஒத்துக்கொண்டார்கள். வீட்டில் மருந்து வாடை போனதே நல்லதென்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். பயிற்சியில் இதற்கும் இடம் உண்டு. மனம் உடைந்த ஒருவர் வீட்டில் இருந்தால் ஆபத்தானவற்றை அப்புறப்படுத்துவது குடும்பம் செய்ய வேண்டிய முதல் காரியம்.

“போலீஸ் கேஸாகிவிடும்”

இந்தியாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காக முயல்வதை மட்டும் புதிய சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் போவது நிற்கவில்லை, அதனால் பயமும் போகவில்லை. ‘தவறிக் குடிச்சிட்டா’ என்று டாக்டரிடமே மறைக்கிறார்கள், சிகிச்சை பிசகுகிறது. நம் செய்தித்தாள்களில் எத்தனை ஆண்டுகளாக எத்தனை பெண்கள் ‘தீராத வயிற்றுவலி’யால் செத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

“எல்லாம் பரீட்சைப் பிரச்சினை”

தேர்வு முடிவு வரும் நாளில் மட்டும் தற்கொலை நமக்குச் செய்தியாகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் நாடு முழுவதும் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் 13,044. தினக்கூலிகள் நாலில் ஒருவருக்கும் மேல். ஆண்கள் பத்தில் ஏழு. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் டாஸ்மாக் வாசலிலும் நிற்கிற ஆண்களைத் தேடி எந்தப் பயிற்சி போகிறது? பெரும்பாலும் கல்லூரி அரங்கில், ஏ.சி. போட்டு, அது நடக்கிறது. மாணவர்களுக்கு உண்மையில் பலன் தந்தது அரங்கக் கூட்டங்களைவிட ஒரு நிர்வாக மாற்றம் என்பேன். தோற்ற பாடத்தைச் சில வாரங்களிலேயே மறுபடி எழுதி, அந்த ஆண்டை இழக்காமல் மேலே படிக்க வழிசெய்த துணைத்தேர்வு. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் சினேகாவும் உண்டு.

“ஒருநாள் பயிற்சி கொடுத்தாயிற்று”

இது அதிகாரிகள் மத்தியில் உள்ள நம்பிக்கை. செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள், ஃபிளெக்ஸ், உறுதிமொழி, சான்றிதழ், குரூப் போட்டோ. கேட்கீப்பர் பயிற்சி அறிவையும் கேட்கும் துணிச்சலையும் கூட்டுகிறது என்பதற்கு ஆய்வுகள் நிறைய. சில மாதங்களில் அது மங்கிவிடுகிறது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. பயிற்சி மட்டுமே தனியாக மரணங்களைக் குறைத்தது என்று அடித்துச் சொல்லும் ஆதாரம் இன்னும் மெல்லியதுதான். காரணம் ஊகிக்கக் கடினமில்லை. கேட்கக் கற்றுக்கொண்ட ஆசிரியை ஒரு பையனைக் கண்டுபிடிக்கிறார். பிறகு அவனை எங்கே அனுப்புவது? தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் வாரத்தில் எந்தக் கிழமை வருகிறார் என்று தெரியாது, பள்ளியில் ஆலோசகர் இல்லை, பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே பயிற்சிக்கு ஆள் கூப்பிடுகிறவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: இந்த வட்டாரத்தில் யாரிடம் அனுப்ப வேண்டும் என்று பெயரும் எண்ணும் எழுதித் தருவீர்களா? அடுத்த பயிற்சி எப்போது? நாங்கள் யாரையாவது இழந்துவிட்டால் எங்களோடு பேச யார் இருக்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் வைத்திருக்கிற பயிற்சிக்குப் போங்கள்.

உதவி எண்கள் சில, போனில் சேமித்துக்கொள்ள: அரசின் டெலி மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி 104, சினேகா 044-24640050. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. உங்களுக்காகவும் கூப்பிடலாம், பக்கத்து வீட்டு அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்பதற்காகவும் கூப்பிடலாம்.