அபின் அகன்ற பின் மூளை

‘அபின்’ என்னும் சொல் அரபியின் ‘அஃப்யூன்’ தந்தது. அரபியர் அதைக் கிரேக்கரிடமிருந்து பெற்றனர். அங்கே அதன் மூலத்திற்குச் சாறு என்பதே பொருள். இப்னு சீனா தம் ‘கானூன்’ நூலில் அபினை வலி தணிக்கும் மருந்துகளுள் வைத்துப் பேசினார். ஆயினும், இச்சாறு மூளையில் எங்கே சென்று பொருந்துகிறது என்பது 1973இல்தான் தெளிவாயிற்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கேண்டேஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர் அதற்குரிய ‘ஏற்பிகள்’ மூளையில் உள்ளமையைக் காட்டினர்.

ஏற்பி பூட்டெனில் அபின் சாவி. ஒரு செடியின் சாற்றுக்காகவா மனித மூளையில் பூட்டு அமைந்தது? அன்று. மூளை தானே சுரக்கும் ‘என்கெஃபலின்’ என்னும் பொருளே உரிய சாவி என 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் கண்டறிந்தனர். அபினும் ஹெராயினும் கள்ளச்சாவிகளே.

கள்ளச்சாவி நாள்தோறும் நுழைந்தால் ஏற்பிகள் மந்தமாகின்றன. மூளைத்தண்டில் நார்அட்ரினலின் சுரக்கும் அணுக்களை ஹெராயின் அடக்கிவைக்கிறது. அவையோ அவ்வடக்குமுறையை எதிர்த்துத் தம் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. ஹெராயினை நிறுத்தியதும் அவ்வேகம் கட்டவிழ்கிறது. வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை யாவும் அதன் விளைவே. ஏறத்தாழ ஒரு வாரத்தில் இவை பெரும்பாலும் தணியும். ‘பையன் தேறிவிட்டான்’ என்று வீட்டார் மகிழ்வது அப்போதுதான். ஆபத்து மிகுவதும் அப்போதுதான்.

ஏனெனில், இன்பத்தை உணர்த்தும் டோபமின் மண்டலம் மாதக்கணக்கில் மங்கியே கிடக்கிறது. உணவும் உறவும் சுவைப்பதில்லை. பழைய தெருவைக் கண்டாலே வேட்கை பொங்குகிறது. தாங்கும் திறனோ சில வாரங்களிலேயே குறைந்துவிட்டிருக்கும். ஆகவே முன்பு பழகிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். சிறையிலிருந்தோ சிகிச்சை இல்லத்திலிருந்தோ வெளிவந்த முதல் வாரங்களில் பலர் மடிவது இதனாலேயாகும். மனவலிமை இல்லாதவன் என்று அவர்களைப் பழிப்பது அறியாமை.

1964இல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகிய மருத்துவர்கள் மெத்தடோனைக் கொண்டு மருத்துவம் செய்யத் தொடங்கினர். அதுவும் அதே ஏற்பியில்தான் பொருந்துகிறது. ஆனால் மெல்ல வந்து நெடுநேரம் தங்குகிறது. நாளைக்கு ஒரு வேளை போதும். உரிய அளவில் மயக்கமும் இல்லை, தவிப்பும் இல்லை. பின்னர் வந்த புப்ரெநார்ஃபின் பூட்டைப் பாதியே திறக்கும் சாவி; அளவைக் கூட்டினாலும் அதன் வினை ஓர் எல்லையில் நின்றுவிடும். 2005இல் உலக நலவாழ்வு நிறுவனம் இரண்டையும் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

‘போதைக்குப் போதையா மருந்து? மார்க்கம் இதை ஏற்குமா?’ என்று பெரியோர் வினவக்கூடும். நியாயமான வினாவே. அதே வினா மலேசியாவிலும் எழுந்தது. கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலில், மலாயாப் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு, 2010 முதல் மெத்தடோன் மருத்துவம் மார்க்க வழிகாட்டலுடன் சேர்த்தே வழங்கப்பட்டது.

எத்துணைக் காலம் உட்கொள்வது? சிலருக்கு ஆண்டுகள் பலவாகும். ‘நலமாகத்தானே இருக்கிறாய், இன்னும் எதற்கு மருந்து?’ என்று வீட்டார் இடையில் நிறுத்தச் செய்தால், தாங்கும் திறன் குறைந்த மூளையோடு அவர் மீண்டும் அதே தெருவில் நிற்பார்.