பசியும் ஓரணு உயிர்களும்

பசி மிக்கவழி மாந்தர் தம் நற்பண்புகளை இழப்பர் என்று நம் முன்னோர் கூறுவர். ஓரணுவே உடலாகக் கொண்ட சிற்றுயிர்கள் அந்நிலையில் யாது செய்யும்? தமிழ் பயிலும் நமக்கும் இவ்வினா ஆராயத்தக்கதே.

கென்னத் ரேப்பர் என்னும் அமெரிக்க அறிஞர், வட கரோலினாக் காட்டின் மட்கிய இலைகளிலிருந்து தாம் பிரித்தெடுத்த ஓர் அமீபாவைப் பற்றி 1935ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்பது அதன் பெயர். கண்ணாடித் தட்டில் அகார் என்னும் கடற்பாசிக் கூழை இட்டு, அதன்மேல் பாக்டீரியாக்களை வளர்த்தால், இவ்வமீபாக்கள் அவற்றை உண்டு, இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். உணவு உள்ளவரை ஒவ்வொன்றும் தனித்தே வாழும்.

உணவு அற்றதும் நிலைமை மாறுகிறது. பசித்த அணுக்கள் ஓர் இரசாயனப் பொருளை விட்டுவிட்டுச் சுரக்கும். அது சைக்ளிக் ஏ.எம்.பி. என்பது 1967ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அருகிலுள்ளவை அதனை உணர்ந்து, அது வரும் திசை நோக்கி ஊர்வதோடு, தாமும் அதனைச் சுரந்து அப்பாலுள்ளவற்றை அழைக்கும். இங்ஙனம் ஓர் இலட்சம் அணுக்கள் வரை ஒருங்கு திரண்டு, சிறு புழுப் போன்ற ஓருருவாகி, ஒளியை நோக்கி நகரும். பின்னர் அவ்வுருவம் நிமிரும். அப்போது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அணுக்கள் விறைத்து மடிந்து காம்பாகும். ஏனையவை அதன் உச்சியில் வித்தணுக்களாகி, கடிய உறையினுள் பிழைத்திருக்கும். நிலத்தினின்று உயர்ந்து நிற்றலால் அவை வேற்றிடம் பரவுதல் எளிதாகும். பசி தொடங்கி ஏறத்தாழ ஒரு நாளில் இவையனைத்தும் முடியும்.

நிற்க, மடிவன எவை? சர்க்கரை சேர்ந்த கரைசலில் வளர்ந்த அணுக்களையும் அஃதின்றி வளர்ந்தவற்றையும் ஒருங்கு கலந்து பார்த்தனர். முன்னவை பெரும்பாலும் வித்தாயின. பின்னவை பெரும்பாலும் காம்பாயின. அன்றியும், இருவேறு வழியினவற்றைக் கலந்தவிடத்து, ஒரு வழியின காம்பிற்குத் தம் பங்கைக் குறைத்துத் தந்து, வித்தில் மிகுதியான இடம் பெறுதலும் உண்டென்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

ஆதலின் இதனைத் தியாகம் என்று புகழ நாம் விரைதல் கூடாது. அமீபாவிற்கு மனம் இல்லை. ஒரே தாயணுவின் வழிவந்தவை கூடுமிடத்து, காம்பாய் மடிந்ததன் மரபே வித்திலும் நிலைக்கும். அதனாலேயே இவ்வியல்பு அழியாது நின்றது என்பர் அறிஞர். எனினும், உணவிற் குறைந்தவையே பெரும்பாலும் காம்பாகின்றன என்னும் செய்தி நம் உள்ளத்தை உறுத்துகின்றது. அமீபா அதனை அறியாது. அறியும் ஆற்றலுடைய நாமோ, நம்மைத் தாங்கி நிற்போர் யாவர் என ஒருகால் எண்ணிப் பார்த்தல் தகும்.