கப்பல் சட்டம்: எந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பது?

மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் பிரிவு



டிப்ளமோ மாணவர் மலரில் சட்ட மேற்படிப்பைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. லேத்தில் நிற்கிறவனுக்கு எல்.எல்.எம். பற்றி என்ன தெரியும்? உண்மைதான், ஒன்றும் தெரியாது. ஆனால் சென்ற விடுமுறையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்காக ஒரு மாதம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அப்போது கற்றுக்கொண்டது நம் எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அக்கா சட்டம் படித்தவர். சென்னையில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறார். அவருடைய அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். தூத்துக்குடியிலிருந்து போய், சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் இருபது வருஷம் உழைத்தவர். கடைசியாகப் போன கப்பலில் நாலு மாதச் சம்பளம் தராமலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். யாரைக் கேட்பது, எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று தெரியாமல் அந்தப் பணம் போனது போனதுதான். அன்றிலிருந்து கப்பல் சட்டம்தான் படிப்பேன் என்று அக்காவுக்குப் பிடிவாதம்.

இந்த வருஷம் இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. இன்னும் சில இடங்களின் விவரப் புத்தகங்களும் கையில் இருந்தன. "வீட்டுப் பத்திரம் சும்மாதானே கிடக்கு, பேங்குல வச்சிருவோம்" என்றார் மாமா. எதில் சேர்வது என்று சொல்ல அவர்கள் வீட்டிலும் ஆளில்லை, எங்கள் வீட்டிலும் ஆளில்லை. இரண்டு வீட்டிலும் நாங்கள்தான் முதல் படிப்பு. "தம்பி, நீ கணக்குல கெட்டிலா, வந்து உக்காரு" என்றார் அக்கா. உட்கார்ந்தேன்.

கப்பல் சட்டம் என்றால் என்ன?

முதலில் இதை நான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அக்கா நாலு பாகமாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று, சரக்கு. சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல்காரர் தரும் ரசீதுக்கு 'பில் ஆஃப் லேடிங்' என்று பெயர். கப்பலையே வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம் 'சார்ட்டர் பார்ட்டி'. இரண்டு, கடல் காப்பீடு. மூன்று, விபத்து: கப்பல்கள் மோதுவது, மாட்டிய கப்பலை மீட்பது, எண்ணெய் கசிவது. நான்கு, மாலுமிகளின் உரிமையும் கப்பல் கைதும். ஆம், கடன் பாக்கி வைத்த கப்பலைக் கோர்ட் உத்தரவால் துறைமுகத்திலேயே பிடித்து நிறுத்த முடியும்!

ஒரு கப்பலுக்கு எத்தனை நாட்டுச் சட்டம் என்பதற்கு 'எவர் கிவன்' நல்ல உதாரணம். சுமார் 400 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, ஆறு நாள் வழியை அடைத்தது. கப்பலின் சொந்தக்காரர் ஜப்பான் நிறுவனம். வாடகைக்கு எடுத்து ஓட்டியது தைவான் நிறுவனம். பறந்த கொடி பனாமா. நிர்வாகம் ஜெர்மனி. மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். சிக்கிய இடமோ எகிப்து. நஷ்ட ஈடு கேட்டு எகிப்து கோர்ட் உத்தரவின்படி கப்பலை நிறுத்தி வைத்தார்கள். சமரசம் ஏற்பட்டு ஜூலை 7 அன்றுதான் விட்டார்கள். மீட்புப் பணிக்கான பணம் பற்றிய வழக்கோ லண்டன் அட்மிரால்ட்டி நீதிமன்றத்துக்குப் போய், 2023-ல் அங்கே ஒரு தீர்ப்பு வந்தது.

கப்பல் எங்கே மாட்டினாலும் வழக்கு லண்டனுக்குப் போவது ஏன்? கப்பல் ஒப்பந்தங்களில் பெரும்பகுதி, "தகராறு வந்தால் ஆங்கிலச் சட்டப்படி, லண்டனில் தீர்ப்பு" என்று முன்கூட்டியே எழுதப்படுகின்றன. இந்த ஒரு விஷயம் புரிந்ததும் பல்கலைக்கழகங்களைப் பார்க்கும் பார்வையே எங்களுக்கு மாறிவிட்டது.

ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு விதம்

நாங்கள் பார்த்த இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சவுத்தாம்ப்டன், இங்கிலாந்து: துறைமுக நகரம். இங்குள்ள கடல்சார் சட்ட நிறுவனம் 1982-ல் தொடங்கியது. ஆங்கிலச் சட்டம்தான் அடிப்படை. முழுநேரமாகப் படித்தால் ஒரு வருஷம்.

ஸ்வான்சி, வேல்ஸ்: கப்பல் மற்றும் வணிகச் சட்டத்துக்கான நிறுவனம் 2000-ல் தொடங்கப்பட்டது. இங்கேயும் ஆங்கிலச் சட்டமே. வணிகப் பக்கத்துக்கு அழுத்தம் அதிகம்.

டுலேன், அமெரிக்கா: மிசிசிப்பி நதிக்கரையில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் உள்ளது. அட்மிரால்ட்டியில் தனி எல்.எல்.எம். உண்டு. வேலையில் அடிபட்ட மாலுமி முதலாளிமேல் வழக்குப் போட வழி செய்த 1920-ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டம் போன்றவற்றை ஆழமாகப் படிக்கலாம். ஆனால் அது அமெரிக்கச் சட்டம் என்பதை மறக்கக் கூடாது.

ஆஸ்லோ, நார்வே: ஸ்காண்டிநேவியக் கடல்சார் சட்ட நிறுவனம் 1963-லிருந்து இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில்தான். முன்பு வெளிநாட்டவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. 2023 இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற புது மாணவர்களுக்குக் கட்டணம் வந்துவிட்டது. அக்காவிடம் யாரோ "நார்வேயில் இலவசம்" என்று சொல்லியிருந்தார்கள். பழைய தகவலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி.

மால்டா: ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஆதரவில் 1988-ல் பிறந்த நிறுவனம். பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. சர்வதேச உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக எழுதும் பயிற்சி இங்கே உண்டு. அரசாங்கத்தில் சட்ட வேலை பார்ப்பவர்களுக்குப் பொருத்தமான இடம்.

மால்மோ, ஸ்வீடன்: அதே அமைப்பு 1983-ல் தொடங்கிய உலகக் கடல்சார் பல்கலைக்கழகம். இங்கே கடல்சார் சட்டமும் கொள்கையும் ஒரு சிறப்புப் பிரிவு. ஆனால் அந்தப் பிரிவில் கிடைக்கும் பட்டம் எம்.எஸ்சி., எல்.எல்.எம். அல்ல.

சிங்கப்பூர்: தேசியப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் சட்டத்துக்கு எல்.எல்.எம். உண்டு. இதற்கான ஆய்வு மையம் 2015-ல் அமைந்தது. ஆங்கிலச் சட்ட மரபு, ஊருக்கும் பக்கம், கப்பல் நிறுவனங்களும் நிறைய.

நோட்டில் எழுதிய ஐந்து கேள்விகள்

இத்தனையையும் படித்ததும் தலை சுற்றியது. தரவரிசைப் பட்டியலைப் பார்த்து, மேலே இருப்பதைப் பிடித்துவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். அக்கா ஒப்பவில்லை. "அது மொத்தப் பல்கலைக்கழகத்துக்குப் போட்ட மார்க்கு, என் பாடத்துக்குப் போட்டதில்லை" என்றார். பிறகு இருவருமாக இந்தக் கேள்விகளை எழுதினோம்.

1. படித்து முடித்து எங்கே வேலை செய்யப் போகிறோம்? லண்டனிலா, சிங்கப்பூரிலா, சென்னையிலா? இதற்குப் பதில் தெரியாமல் அடுத்த கேள்விக்குப் போகவே கூடாது. அக்காவின் பதில்: சென்னை.

2. அந்த இடத்தில் எந்தச் சட்டம் ஓடுகிறது? நம் நாட்டில் 2018 ஏப்ரல் 1 வரை, 1840, 1861 ஆண்டுகளின் ஆங்கிலேயர் காலச் சட்டங்களே அட்மிரால்ட்டி வழக்குகளுக்கு அடிப்படையாக இருந்தன. அன்றுதான் 2017-ஆம் ஆண்டு அட்மிரால்ட்டி சட்டம் அமலுக்கு வந்தது. கப்பலைக் கைது செய்ய உத்தரவிடும் அதிகாரம் பெற்ற நீதிமன்றங்களில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒன்று. நம் 1963-ஆம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டம், இங்கிலாந்தின் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. பில் ஆஃப் லேடிங், சரக்குப் போக்குவரத்து, வணிகக் கப்பல், துறைமுகம் ஆகியவற்றுக்கு 2025-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டங்கள் இயற்றியது. ஆகவே சென்னையில் வாதாடப் போகிறவருக்கு ஆங்கிலச் சட்டம் கைகொடுக்கும். அமெரிக்கச் சட்டம் அவ்வளவு கொடுக்காது.

3. நமக்கு வேண்டிய பாடம் உண்மையிலேயே நடக்கிறதா? விவரப் புத்தகத்தில் இருக்கும் விருப்பப் பாடங்கள் எல்லாம் எல்லா வருஷமும் நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆசிரியர் விடுப்பில் போனாலோ, ஆள் சேராவிட்டாலோ நிறுத்திவிடுவார்கள். கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். அக்கா கேட்டார், பதிலும் வந்தது.

4. அந்தப் பட்டம் எதற்குச் செல்லும்? நம் நாட்டில் வக்கீலாக இருக்க எல்.எல்.பி.யும் பார் கவுன்சில் பதிவும்தான் அடிப்படை. எல்.எல்.எம். அறிவைக் கூட்டும், தனி அதிகாரம் எதையும் தராது. இங்கிலாந்தில் எல்.எல்.எம். வாங்கியதால் மட்டும் அங்கே வக்கீலாகிவிடவும் முடியாது. இது எனக்குப் பெரிய அதிர்ச்சி.

5. பணம் எங்கிருந்து வரும்? கட்டணம் மட்டும் அல்ல. தங்குமிடம், சாப்பாடு, விசா, விமானம் எல்லாம் சேர்த்து எழுத வேண்டும். திரும்பி வந்து ஆறு மாதம் வேலை கிடைக்காவிட்டால் தவணையை யார் கட்டுவது என்பதையும் எழுத வேண்டும்.

ஐந்தாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம். கூட்டிப் பார்த்தால் மாமாவின் வீட்டு விலையே வந்தது. ஜூனியர் வக்கீலின் வருமானத்தில் அந்தத் தவணை கட்ட முடியாது. கூட்டல் தப்போ என்று நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். தப்பில்லை.

அக்கா எடுத்த முடிவு

இங்கிலாந்து அரசின் செவனிங் உதவித்தொகை பற்றிப் படித்தோம். ஒரு வருஷ முதுநிலைப் படிப்பின் செலவை அவர்கள் ஏற்கிறார்கள். அதற்குக் குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படித்ததும் தாய்நாடு திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும். திரும்பி வரத்தானே அக்கா போகிறார்! அனுபவ மணி நேரம்தான் இன்னும் கொஞ்சம் குறைவு. எனவே இந்த வருஷம் போவதில்லை, வேலையைத் தொடர்ந்து, அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, கிடைத்தால் சவுத்தாம்ப்டன் அல்லது ஸ்வான்சி என்று முடிவு செய்தார். கிடைக்காவிட்டால்? சென்னையிலேயே அட்மிரால்ட்டி வழக்கு நடத்தும் சீனியர் ஒருவரிடம் சேர்ந்து தொழில் பழகுவது. எதுவானாலும் வீட்டுப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வராது.

மாமாவுக்கு வருத்தம். "கடிதம் வந்தும் போகலைன்னா ஊரு என்ன சொல்லும்?" என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா அவரிடம் புதிய அட்மிரால்ட்டி சட்டத்தை எடுத்து விளக்கினார். கப்பல்மேல் உள்ள கடல்சார் பாத்தியதைகளில் மாலுமியின் சம்பளத்துக்கே முதல் இடம் என்று அதில் இருக்கிறது. மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அத ஒரு தாள்ல தமிழ்ல எழுதிக் குடு" என்றார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். தன் பழைய சி.டி.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அவருடைய பணம் இனி வராது. அடுத்துக் கப்பலுக்குப் போகிற தெருப் பையன்களுக்கு அவர் இப்போது அந்தத் தாளைக் காட்டுகிறார்.

நமக்கு என்ன பாடம்?

நண்பர்களே! நம் ஊர்த் துறைமுகம் வ.உ.சி.யின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அவரும் ஒரு வக்கீல்தான். ஆகவே சட்டமும் கப்பலும் நமக்குத் தூரத்து விஷயங்கள் அல்ல.

இன்னும் சில மாதத்தில் நாமும் தேர்வு செய்யப் போகிறோம். பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர எந்தக் கல்லூரி என்று பேச்சு தொடங்கிவிட்டது. "பெரிய பேரு", "நல்ல பில்டிங்", "அவன் சேர்ந்தான், நானும் சேர்றேன்" என்பவைதான் காரணங்களாகக் காதில் விழுகின்றன. நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது என் நோட்டில் அதே ஐந்து கேள்விகளை எனக்காக எழுதி வைத்திருக்கிறேன். எங்கே வேலை? அங்கே எது தேவை? அந்தப் பாடம் உண்மையில் நடக்கிறதா? பட்டம் எதற்குச் செல்லும்? பணம் யார் கட்டுவது? கல்லூரியின் பெயர் இந்த ஐந்துக்கும் பிறகுதான்.

வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாத நம்மைப் போன்றவர்கள் தப்பாகத் தேர்வு செய்தால், நஷ்டம் நம்மோடு நிற்காது. வீட்டுப் பத்திரம் வரை போகும். கேட்பதற்கு வெட்கப்படாமல் கேட்போம். எழுதிக் கணக்குப் பார்ப்போம். பிறகு சேர்வோம்.