அடிக்காதீங்கன்னு சொல்வது

'இந்த மருந்தை அடிங்க' என்று வாட்ஸ்அப்பில் போட்டால் சாயங்காலத்துக்குள் நாலு ஊர் தாண்டிவிடும். 'அடிக்காதீங்க' என்று போட்டால் அங்கேயே கிடக்கும். ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விவசாயிகள் குழு ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். எனக்கு இது தினப்படி வேலை.

2020இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கணு குட்டையாகி, கொழுந்து சுருண்டு குடுமி முடிந்துகொண்டது. 1970களில் ஆப்பிரிக்காவை ஆட்டிவைத்த அதே பூச்சி. அங்கே அதை அடக்கிய அனாகைரஸ் லோபசி என்ற குளவியை, பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள்.

குளவி பிழைக்க வேண்டுமென்றால் மருந்தடிப்பது நிற்க வேண்டும். அதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

பெரிதாக்கிய குளவிப் படத்தைப் போட்டால், "சார், புள்ளைகளைக் கொட்டுமா?" என்றுதான் முதல் கேள்வி வரும். அது கடுகளவுதான். விரல் நுனியில் வைத்து எடுத்த படம் போதும். அதைவிட நல்லது, குளவி உள்ளே முட்டையிட்டதால் விறைத்துப் பழுப்பேறிய மாவுப்பூச்சியின் படம். அதைப் பார்த்தவர் தன் காட்டு இலையைத் திருப்பிப் பார்ப்பார். பொன்னாடை போர்த்தும் படங்களை நிறுவனங்கள் தங்கள் ஆல்பத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

பிடிஎஃப் வேண்டாம், யாரும் திறப்பதில்லை. விஞ்ஞானியே பேசிய ஒரு நிமிடக் குரல்பதிவை, பால் கறந்து முடித்த நேரத்தில் அனுப்புங்கள். தேதி, ஊர், நிலையத்தின் பெயர் மூன்றையும் படத்தின் மேலேயே எழுதுங்கள். ஃபார்வர்டு ஆகும்போது கீழே எழுதியது உதிர்ந்துவிடும். கோழியால் கொரோனா பரவும் என்று 2020இல் சுற்றிய செய்திக்குத் தேதியும் இல்லை, பெயரும் இல்லை. ஆனாலும் நாமக்கல் முட்டை விலையைச் சாய்த்தது.

ஆப்பிரிக்கக் கதை இங்கே எடுபடவில்லை. 2010 வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்ததும், அதையும் வெளிநாட்டுக் குளவி ஒன்றுதான் அடக்கியது என்பதும் பெரியவர்களுக்கு நினைவிருந்தது. அதைச் சொன்ன பிறகுதான் பேச்சு எழுந்தது.

இன்னொன்று: கையைக் கட்டிக்கொண்டு இரு என்றால் எந்த விவசாயியும் கேட்கமாட்டார், பக்கத்துக் காட்டில் தெளிப்பான் சத்தம் கேட்டால் இன்னும் கஷ்டம். அதனால் 'அடிக்காதீங்க' என்பதோடு செய்வதற்கும் ஒன்று சேர்த்தே அனுப்புகிறோம்: அடுத்த நடவுக்குப் பூச்சி பிடிக்காத காட்டிலிருந்து மட்டும் விதைக்குச்சி வாங்குங்க.