டிஸ்ரிபியூட்டரை மாற்றமுதல்

ஸ்காபரோ

அன்புள்ள மருமகனுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. 1965ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்றைக் கொழும்பில் வாங்கிச் சுன்னாகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர். அக்கா ரெலிபோனில் பேசின பேச்சு உமக்குத் தெரியவேண்டாம். கார் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கணம் செத்து உயிர்க்கிறது, சில நாள் ஒரேயடியாக நின்றுபோய்ப் பத்து நிமிடம் விட்டால் ஒன்றும் நடவாததுபோல ஸ்ரார்ட் ஆகிறது, கராஜுக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் காட்டுவதில்லை என்று எழுதியிருந்தீர். கொயில் மாற்றியாயிற்றாம், பிளக் மாற்றியாயிற்றாம், இனி டிஸ்ரிபியூட்டரையும் மாற்றச் சொல்கிறார்களாம். தயவுசெய்து இனி ஒன்றையும் மாற்றவேண்டாம்.

வந்து வந்து போகிற கோளாறை அது இல்லாத நேரத்தில் தேடுவது காய்ச்சல் விட்டபிறகு டொக்டரிடம் போவதுபோலத்தான். இதில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு பாட்டைக் கழற்றிப் பூட்டும்போது பக்கத்து வயர் அசைந்து, ஒரு கிழமைக்குக் கார் சுகமாக ஓடும். புதுப் பாட்தான் திருத்தியது என்று நம்பிக் காசும் கொடுத்துவிடுவோம். அடுத்த கிழமை கோளாறு திரும்பி வரும்போது பழைய சந்தேகத்தோடு புதுப் பாட்டின் மேலும் சந்தேகம் சேர்ந்துவிடும். இப்போது விற்கிற கொண்டென்சர்களில் புதிதிலேயே பழுதானவையும் இருக்கின்றன.

ஊரில் எங்களுக்கு மாற்றிப் பார்க்கிற வசதியே இருக்கவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் பற்றறியும் தடைப் பட்டியலில் இருந்தன. கார்பரேற்றருக்குள் ஒரு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் ஓட்டிய காலம். எது பழுது என்று நிச்சயமாகத் தெரியாமல் ஒரு ஆணியையும் கழற்ற மனம் வராது. அந்தக் கார்களின் மின்சாமான்கள் லூக்காஸ் கொம்பனியுடையவை, உம்முடையதும் அதேதான். எஞ்சின்கூட மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டில் இருந்த பி சீரிஸைப் பெருப்பித்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்று மிரளத் தேவையில்லை, கதவு தாழ்ந்த மொறிஸ் என்று நினைத்துக்கொள்ளும்.

நீர் எழுதியதில் எனக்கு ஒரு இடம் உதைக்கிறது. ஒரு கணம் செத்து உயிர்ப்பதும், நின்று பத்து நிமிடத்தில் ஓடுவதும் ஒரே வருத்தமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முதலாவது அசைவில் வருகிறது, ஏதோ ஒரு வயர் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. இரண்டாவது அநேகமாகச் சூட்டில் வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கித் தேடினால் ஒன்றும் பிடிபடாது. கொப்பி ஒன்றைக் காரில் வையும். செத்த நேரம், வெயிலா மழையா, பள்ளத்தில் விழுந்த பிறகா, லைற் போட்டிருந்ததா, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு என்று எழுதிவாரும்.

அடுத்த தரம் ஓட்டத்தில் செத்தால், கிளச்சை மிதிக்காமல் டக்கோமீற்றர் முள்ளை ஒருதரம் பாரும். கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சடாரென்று பூச்சியத்துக்கு விழுந்தால், கொயில் பக்கத்து மின்சாரம் அறுந்திருக்கிறது. வேகம் குறையக் குறைய முள்ளும் ஆறுதலாக இறங்கினால் அந்தப் பக்கம் அநேகமாகச் சரி, பெற்றோல் வராமல் இருக்கலாம். உம்முடைய காரில் கொயிலுக்குப் போகிற வெள்ளை வயர் டக்கோமீற்றரின் முதுகில் ஒரு சுற்றுச் சுற்றிப் போகிறது. அதில் ஓடும் துடிப்பைத்தான் முள் எண்ணுகிறது. அதனால் அந்த இடத்தில் வயர் முறிந்தாலும் எஞ்சின் சாகும்.

பிறகு ஒரு சின்னப் பன்னிரண்டு வோல்ற் பல்பை எடும். ஒரு வயரைக் கொயிலில் வெள்ளை வயர் வந்து சேருகிற முனையிலும் மற்றதைப் பொடியிலும் கொழுவி, பல்பை டாஷ்போட்டில் கண்ணுக்குத் தெரிய ஒட்டும். எல்ஈடி வேண்டாம், பழைய இழை பல்புதான். கார் சாகும்போது பல்பும் அணைந்தால், அல்லது மங்கினால், சாவி சுவிச்சு வழியாகக் கொயிலுக்கு மின்சாரம் வரும் பாதையில் தேடும். கார் செத்தும் பல்பு பளிச்சென்று எரிந்தால் கொயில், பொயின்ற், கொண்டென்சர் பக்கம். அந்தப் பக்கமென்றால் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் குட்டி வயரைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பொயின்ற் தட்டு வக்குவத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு தரமும் அந்த வயர் மடங்கும். மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் முறிந்திருக்கும். ஐட்லிங்கில் ஒழுங்காக ஓடி, அக்சிலேற்றரை மிதிக்கும்போது விக்கினால் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும். நகத்தால் மெல்ல இழுத்துப் பாரும்; முறிந்த இடத்தில் உறை ரப்பர்போல நீளும்.

சூட்டில் நிற்கும் விஷயத்துக்கு வாறேன். நின்ற உடனே சாவியைப் போட்டுப் பின்பக்கம் எஸ்யூ பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கிறதா என்று கேளும். சத்தமே இல்லையென்றால் சுத்தியல் பிடியால் மெதுவாகத் தட்டும். தட்ட ஓடினால் பம்புக்குள் இருக்கும் பொயின்ற் கருகியிருக்கிறது. அதோடு ராங்கி மூடியையும் திறந்து பாரும். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது, வயரிங்கோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பம்பும் மூடியும் சரியென்றால்தான் கொண்டென்சர் மேல் கை வைக்கவேண்டும்.

இனி எர்த். ஊரில் எந்த மூலையில் நின்றாலும் கடல் தூரமில்லை. பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாலத்தாலும் ஓடுகிற காரின் அடியில் உப்பு ஏறாமல் இருக்காது. கறள் ஏறிய இடத்தில் எர்த் வயர் பூட்டியிருந்தால் வெயில் நாளில் சமாளிக்கும், ஐப்பசி மழை தொடங்க ஆட்டம் காட்டும். மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் எர்த் தூணிலும் மற்றதை எஞ்சின் புளொக்கிலும் வைத்து, ஒருவரை ஸ்ரார்ட்டர் அடிக்கச் சொல்லும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த வழி நல்லதில்லை. சும்மா நிற்கிற நேரம் கண்டினியூற்றி பார்த்து எர்த் சரி என்று சொல்வாரை நம்பவேண்டாம். ஒரு நூல் இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் ‘பீப்’ என்று கத்தும், லோட் வந்தால்தான் குட்டு வெளிப்படும். எஞ்சின் ரப்பரில் இருக்கிறது, அதைப் பொடியோடு தொடுக்கும் எர்த் பட்டி அறுந்தால் ஸ்ரார்ட்டரின் கரண்ட் அக்சிலேற்றர் கேபிளாலும் சோக் கேபிளாலும் ஓடி அவற்றைச் சுடவைக்கும்.

சீற்றுக்குப் பின்னால் தட்டைத் திறந்தால் ஆறு வோல்ற் பற்றறி இரண்டு இருக்கும், இரண்டையும் தொடுக்கும் வயரும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடமென்றபடியால் அதை ஒருவரும் துடைப்பதில்லை. தூண்களைச் சுத்தமாக்கி வாசலின் பூசும். கறுப்பு ரப்பர் குழாய்களுக்குள் வயர் முனைகள் சேருகிற இடங்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். ஒவ்வொன்றாக இழுத்து, மினுங்கத் தேய்த்துப் பூட்டும். ஒரு நாளில் ஒரு பக்கம் போதும்.

ஒன்று கவனம். 1965ஆம் ஆண்டுக் கார் பொசிற்றிவ் எர்த்தாகத்தான் வந்தது, 1967இல்தான் நெகற்றிவ் எர்த்துக்கு மாறியது. முந்தின சொந்தக்காரர் மாற்றினாரோ தெரியாது, ஆனபடியால் மீற்றரால் பார்த்து உறுதிப்படுத்தமுதல் ரேடியோ, போன் சார்ஜர் ஒன்றையும் கொழுவவேண்டாம். ஹெட்லைற்றுக்கு அந்தக் காரில் பியூஸ் கிடையாது. நீல வயரோ மண்ணிற வயரோ உரசினால் முழு வயரிங்கும் எரியும். வேலைக்கு முதல் பற்றறியைக் கழற்றும்.

பொயின்ற், கொண்டென்சர், டிஸ்ரிபியூட்டர் மூடி எல்லாம் வாங்கி அனுப்பச் சொல்லி எழுதியிருந்தீர். வாங்கலாம், இங்கே கிடைக்கும். ஆனால் பல்பு அணைந்ததா எரிந்ததா, முள் எப்படி விழுந்தது, பம்ப் அடித்ததா என்று நீர் எழுதினபிறகுதான் பார்சல் கட்டுவேன்.

அன்புடன்,
மாமா