ஈ, தா, கொடு, அனுப்பு

தன்னினும் உயர்ந்தோனிடம் கேட்பவன் ‘ஈ’ என்பான். ஒத்தோனிடம் ‘தா’ என்பான். தாழ்ந்தோனிடம் ‘கொடு’ என்பான். இவ்வாறு வரையறுக்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். பொருள் கைமாறுகையில் உறவின் நிலையும் உடன்செல்வதை நம் இலக்கணம் அன்றே கண்டது. இன்றைய கைப்பேசித் திரையோ ‘அனுப்பு’ என்னும் ஒரு சொல்லையே அறியும். இம்மாற்றத்தைக் கடல்கடந்து பொருளீட்டும் நம் குடும்பங்களில் வைத்துச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் சபுராளி இல்லாத தெரு அரிது. அன்று வங்கி வரைவோலையுடன் கடிதமும் வரும். உம்மாவுக்கு இவ்வளவு, ராத்தாவின் மருந்துக்கு இவ்வளவு, பள்ளிவாசலுக்கு இவ்வளவு என்று அதில் பங்கீடு எழுதியிருக்கும். ஈட்டியவன் மகன், எனினும் கையால் எடுத்துக் கொடுத்தவள் தாய். வீட்டில் அவளுக்கிருந்த மதிப்பில் பாதி அந்தப் பங்கீட்டில் விளைந்தது என்றால் மிகையாகாது.

2016-இல் யு.பி.ஐ. வந்தது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் முறையோடும் அது இணைக்கப்பட்டது. மகன் இப்போது அவரவர் கணக்கிற்கே நேரே அனுப்புகிறான். “யாருக்கு எவ்வளவு வந்ததென்று எனக்குத் தெரியாது, கொடுப்பவளும் நானில்லை” என்று ஒரு மூதாட்டி நம்மிடம் கூறினார். அவர் குறைப்பட்டது பணத்தைப் பற்றியன்று.

ஆயினும் அவருடைய மருமகளைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்காக மாமியார்முன் நின்று ‘ஈ’ என்னும் நிலை அவளுக்கு நீங்கிற்று. ரமளானில் ஜகாத்துக்காகப் பிறர் வாசலில் வரிசையில் நின்ற ஏழை உறவினருக்கும் அவ்வாறே. யாரும் அறியாமல் அவர் கணக்கில் தொகை சேர்ந்துவிடுகிறது. இதனை இழப்பென்று நம்மால் கூற இயலவில்லை. அனுப்பிய சான்றைப் படமாக்கி உறவினர் குழுவில் இடுவோரும் உளர். வாசலில் நின்ற நாணத்தைவிட அது கொடிது.

பெருநாள் காசு ஒன்றுதான் இம்முறைக்குள் அடங்க மறுக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கெனப் புதுநோட்டு மாற்றி வைத்திருந்த பாட்டனார், இவ்வாண்டு மகனின் கணக்கிற்கே தொகையை அனுப்பிவிட்டார். தொழுகை முடிந்து வந்து ஸலாம் கூறிய ஐந்து வயதுப் பேரன் கையை நீட்டியபடியே நின்றான்.